வாடகை வீட்டில் வீட்டுக்குறிப்புகள்: சிங்கப்பூரில் எது பலிக்கும், எது முன்பணத்தைக் கரைக்கும்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிவரும்போது பெட்டியோடு ஒரு மூட்டை வீட்டுக்குறிப்புகளும் கூடவே வந்துவிடும். அரிசியில் வண்டு வராமலிருக்க வேப்பிலை, அடைத்துக்கொண்ட பாத்திரம் கழுவும் தொட்டிக்குச் சோடா உப்பும் வினிகரும், சுவர் ஓட்டைக்குப் பற்பசை. பாதி அம்மா சொன்னது, மீதி வாட்ஸ்அப்பில் வந்தது. இவற்றில் சில இங்கேயும் அப்படியே பலிக்கும். சில எந்த ஊரிலும் பலிக்காது. இன்னும் சிலவற்றைச் சொந்த வீட்டில் செய்தால் ஒன்றும் ஆகாது. இங்கே வாடகை வீட்டில் செய்தால் போகும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு அந்த மூன்றாவது வகைதான் தெரிவதில்லை. அதனால் வீட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்வரை வரிசையாக எழுதுகிறேன்.

1. குறிப்பில் கை வைக்கும் முன் காகிதத்தைப் படியுங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, சிறு பழுதுகள். ஒரு குறிப்பிட்ட தொகைவரை ஆகும் பழுதை வாடகைக்கு இருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் போனால் உரிமையாளர் என்று போட்டிருக்கும். அந்தத் தொகை என்ன என்பது முக்கியம். தொட்டி அடைப்பு, குழாய் ஒழுகல் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அதாவது உங்கள் பை.

இரண்டாவது, குடிவந்த முதல் சில வாரங்கள், வழக்கமாக 30 நாள். அதற்குள் தெரியவரும் பழுதுகள் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உரிமையாளர் பொறுப்பு. ஆகவே முதல் வாரத்திலேயே எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள், எல்லா ஏசியையும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், எல்லாத் தொட்டியிலும் தண்ணீரை நிரப்பி வடியவிடுங்கள்.

மூன்றாவது, ஏசி பராமரிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய்து ரசீது காட்ட வேண்டும் என்றுதான் பொதுவாக எழுதியிருப்பார்கள்.

நான்காவது, தரையும் சுவரும். ஆணி அடிக்கலாமா, தரை என்ன கல், போகும்போது வண்ணம் பூச வேண்டுமா.

முத்திரை வரியைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றால் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுவரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), ஓராண்டு என்றால் 36,000-க்கு 144 வெள்ளி. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை வழக்கில் சான்றாக ஏற்கமாட்டார்கள். முன்பணம் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டாண்டுக்கு இரண்டு மாத வாடகை என்பது நடைமுறை.

அப்புறம் படங்கள். நாங்கள் முன்பு இருந்த வீட்டில், எங்களுக்கு முன் குடியிருந்தவர் காலத்துத் தரைக்கறைக்கு எங்கள் முன்பணத்தில் பிடித்தார்கள். வாக்குவாதத்தால் எதுவும் நடக்கவில்லை. படம் இருந்தால் வாக்குவாதமே தேவைப்படாது. தரையை நின்றபடி மேலிருந்து எடுத்தால் கறை தெரியாது. குனிந்து, சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் பக்கமிருந்து எடுங்கள். தொட்டிக்கு அடியில், அலமாரிக் கதவின் உட்புறம், கழிவறை ஓரம், சுவரில் ஏற்கெனவே இருக்கும் துளைகள் எல்லாவற்றையும் எடுத்து, அன்றைக்கே மின்னஞ்சலில் முகவருக்கும் உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் போதாது. தொலைபேசி மாற்றும்போது காணாமல் போகும்.

2. பிளக்கில் குறுக்குவழி வேண்டாம்

நம் ஊர் மிக்சி, கிரைண்டர் இங்கே ஓடுமா? ஓடும். இரண்டு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் வேறு: நம்முடையது உருண்டைக் கால், இங்கே தட்டையான மூன்று கால்.

இதற்கு எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் தந்திரம், மேல் துளையில் பேனாவோ பென்சிலோ குத்தி, கீழ் இரண்டு துளைகளின் மூடியைத் திறந்து, உருண்டைக் காலைச் செருகுவது. கரண்ட் வரும். ஆனால் பிள்ளைகள் விரலோ கம்பியோ உள்ளே விடாமலிருக்க வைத்த மூடியைத்தான் நீங்கள் திறந்து வைக்கிறீர்கள். கால் சரியாகப் பிடிக்காமல் உள்ளே பொறி பறக்கும், சூடாகும். நில இணைப்பும் இருக்காது. உலோக உடல் கொண்ட கிரைண்டரை ஈரக்கையோடு தொடும் சமையலறையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

செய்ய வேண்டியது சுலபம். பாதுகாப்புக் குறி போட்ட, நில இணைப்பு உள்ள அடாப்டர் வாங்குங்கள். இல்லாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்துப் பிளக்கையே மாற்றிவிடுங்கள். ஒரு பிளக் துளை தாங்குவது 13 ஆம்பியர், ஏறத்தாழ 3,000 வாட். தண்ணீர் காய்ச்சும் கெட்டிலே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதோடு ரைஸ் குக்கரையும் மிக்சியையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டாதீர்கள்.

3. அடுப்பு: காந்தம் சொல்லிவிடும்

இப்போது பல வாடகை வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு. ஊரிலிருந்து தூக்கி வந்த அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் அடுப்பும் ஏற்கும், நழுவினால் ஏற்காது. இந்தக் குறிப்பு முழுக்க உண்மை, செலவும் இல்லை. ஊரில் பெட்டி கட்டும்போதே செய்துவிட்டால் விமானத்தில் சுமையும் குறையும். எவர்சில்வரிலும் காந்தம் பிடிப்பது, பிடிக்காதது இரண்டும் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள்.

4. அரிசி, பருப்பு, கறிவேப்பிலை

வேப்பிலை, காய்ந்த மிளகாய், பிரிஞ்சி இலை, கிராம்பு. அரிசி டப்பாவில் எதைப் போட்டாலும் வண்டு வராது என்பார்கள். வாசனை வெளியிலிருந்து வரும் பூச்சியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம். சிக்கல் என்னவென்றால் வண்டு வெளியிலிருந்து வருவதில்லை, மூட்டைக்குள்ளேயே வருகிறது. பெண் வண்டு அரிசி மணியில் சிறு துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் துளையை மூடிவிடும். புழு அந்த மணிக்குள்ளேயே அதைத் தின்று வளர்ந்து, முழு வண்டாகத்தான் வெளியே வரும். மணிக்குள் இருக்கும் முட்டையை மேலே கிடக்கும் மிளகாய் என்ன செய்யும்? சிங்கப்பூரின் வெப்பத்தில் முட்டை வண்டாக ஒரு மாதம் போதும். அதனால்தான் வாங்கும்போது சுத்தமாக இருந்த அரிசி, அடுத்த மாதம் டப்பாவைத் திறந்தால் ஊர்கிறது.

ஊரில் இதற்கு மொட்டைமாடி இருக்கிறது. இங்கே அடுக்குமாடி நடைபாதை பொது இடம், அங்கே பாய் விரித்து அரிசி காயவைக்க முடியாது. பலிக்கும் வழி உறைபெட்டி. அரிசியை ஒன்றிரண்டு கிலோவாகப் பிரித்து, காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் போய்விடும். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள். இங்குள்ள ஈரக்காற்று பட்டதும் குளிர்ந்த அரிசியில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு பூசணம் பிடிக்கும். பை அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் கொட்டுங்கள். ரவை, மைதா, பருப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இன்னொன்று: 25 கிலோ மூட்டை கிலோக் கணக்கில் மலிவுதான். ஆனால் இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 5 கிலோ பை போதும். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையிலும் முஸ்தபா கடையிலும் எந்த நாளும் அரிசி கிடைக்கும், சேர்த்து வைக்கத் தேவையில்லை.

கறிவேப்பிலையை உருவி உறைபெட்டியில் வைப்பது பலிக்கும். தாளிக்கும்போது அப்படியே எண்ணெயில் போடலாம், கொஞ்சம் நிறம் மாறும், அவ்வளவுதான். கொத்துமல்லியைக் கழுவாமல், சமையலறைத் தாளில் சுற்றி டப்பாவில் வைப்பது பலிக்கும். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளி வைப்பதும் பலிக்கும். இட்லி மாவு புளிக்க எந்தத் தந்திரமும் வேண்டாம். இங்குள்ள சூட்டில் இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள்.

5. அடைத்துக்கொண்ட தொட்டி: சோடா உப்பும் வினிகரும்

அதிகம் பேர் நம்புகிற, மிகக் குறைவாகப் பலிக்கிற குறிப்பு இதுதான். சோடா உப்பு காரம், வினிகர் அமிலம். இரண்டையும் சேர்த்ததும் நுரை பொங்கும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது தண்ணீரும், அதில் கரைந்த சோடியம் அசிட்டேட் என்ற உப்பும்தான். காரத்தின் வேலையும் போச்சு, அமிலத்தின் வேலையும் போச்சு. நுரையாக வருவது கரியமில வாயு; குழாய்க்குள் உறைந்து கிடக்கும் நெய்யையும் சோற்றுப் பருக்கையையும் அது தள்ளாது. வாடை மட்டும் கொஞ்சம் குறையலாம்.

பின்னாலேயே கொதிக்கும் தண்ணீரை ஊற்றச் சொல்வார்கள். தொட்டிக்கு அடியில் இருப்பது பிவிசி குழாய் என்றால் ஊற்றாதீர்கள். அது 60 டிகிரிக்கு மேல் தாங்கும்படி செய்ததல்ல. இணைப்பு இளகி ஒழுக ஆரம்பித்தால் அலமாரிப் பலகை ஊறி உப்பிக்கொள்ளும், அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் போதும்.

சரி, எது பலிக்கும்? இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ரப்பர் உறிஞ்சி. அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் வன்பொருள் கடையிலேயே சில வெள்ளிக்குக் கிடைக்கும். இரண்டு தொட்டி இருந்தால் ஒன்றின் வாயை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு மற்றதில் உறிஞ்சியை வைத்து அழுத்த வேண்டும். தொட்டி மேல்பக்கம் ஓரமாக வழிநீர்த் துளை இருக்கும், அதையும் அடையுங்கள். அதை அடைக்காவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும், நீங்கள் என்ன அழுத்தினாலும் அடைப்புக்கு விசை போகாது. பலர் உறிஞ்சி உதவாது என்று தூக்கிப் போடுவது இதனால்தான்.

அது போதவில்லை என்றால், தொட்டிக்கு அடியில் குடுவை மாதிரியோ வளைவாகவோ ஒரு பகுதி இருக்கும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையாலேயே திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலான சமையலறை அடைப்பு அந்தக் குடுவையில்தான் உட்கார்ந்திருக்கும்: சாம்பல் நிறத்தில், களிமண் மாதிரி கொழுப்பும் தேயிலைத் தூளும். வழித்துக் குப்பைப் பையில் போட்டு, கழுவி, ரப்பர் வளையம் இடம் மாறாமல் திருகி மூடுங்கள். கால் மணி நேர வேலை. குடுவையைக் கழற்றியபின் மேலே தொட்டியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் குழாய்ப் பணியாளர். அஞ்சல் பெட்டியில் விழும் துண்டுத்தாளில் போட்டிருக்கும் விலையை மட்டும் நம்பி வரச்சொல்லாதீர்கள். வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணமா, இரவு என்றால் கூடுதலா, 9 விழுக்காடு பொருள் சேவை வரி உள்ளடங்கியதா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரை வடிகால் வழியாகக் கழிவுநீர் மேலே ஏறி வந்தால் அது பல வீடுகளுக்குப் பொதுவான குழாயாக இருக்கலாம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் வட்டாரத்தைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் அவசரப் பராமரிப்புப் பிரிவை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உங்கள் செலவில் ஆள் கூப்பிடும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பால் பாக்கெட்டிலோ பழைய தாளிலோ ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

6. எதையும் எதோடும் கலக்காதீர்கள்

இது சிறிய பகுதி, ஆனால் இதை மட்டுமாவது மனத்தில் வையுங்கள். குளோரின் பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை அமிலம் எதைக் கலந்தாலும் நச்சு வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவத்தோடு சேர்ந்தாலும் அப்படித்தான். சிங்கப்பூர்க் குளியலறைகள் சின்னவை, பலவற்றில் ஒற்றைச் சன்னல். ஒரு நாள் ஒரு திரவம், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே அடுத்தது. மூச்சுத் திணறினால் வெளியே வந்து 995-ஐ அழையுங்கள். அடைப்பு நீக்கும் காரத்தூளை ஊற்றிய குழாயிலும் வேறு எதையும் ஊற்றாதீர்கள். பணியாளர் வந்தால் ஊற்றியிருப்பதை முதலில் சொல்லுங்கள்.

7. எறும்பு, கரப்பான், கொசு

எறும்பு வரும் வழியில் மஞ்சள்தூள் தூவினால் அது சுற்றிக்கொண்டு வேறு வழியில் வரும். வினிகரால் துடைத்தால் தடத்தின் வாசனை போய் ஒரு நாள் நிற்கும். புற்றைத் தீர்க்க வேண்டுமானால் இரைமருந்துதான்: போரிக் அமிலத்தைச் சிறிதளவு சர்க்கரைப் பாகில் கலந்து வைப்பது உண்மையிலேயே பலிக்கும், ஆனால் மெதுவாக. முதல் நாள் எறும்புக் கூட்டம் கூடத்தான் செய்யும், துடைக்காமல் விடுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் மூடிய இரைப்பெட்டியாக வாங்குங்கள். முட்டை ஓட்டைக் கண்டால் பல்லி ஓடும் என்பது பொய்.

கரப்பானுக்குப் பிரிஞ்சி இலை வேண்டாம். அது வரும் வாசலைப் பாருங்கள். பழைய வீவக வீடுகளில் சமையலறையிலேயே குப்பை கொட்டும் வழி இருக்கும். அதன் மூடியின் ரப்பர் ஓரம் கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அடுத்த வாசல் தரை வடிகால். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் தடுப்பு. பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிவிடும். ஊருக்குப் போகும் முன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். கடையில் கிடைக்கும் பசைமருந்தைக் கீல் ஓரங்களில் பொட்டுப் பொட்டாக வைத்தால் பலன் உண்டு.

வடிகாலிலும் துணி அலமாரியிலும் அந்துருண்டை போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் அதை அறவே விடுங்கள். நாஃப்தலீன் அந்துருண்டை, ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை அழித்து மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடும். அதனால்தான் இங்கே மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

கொசு விஷயத்தில் விளையாட்டே கூடாது. எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பது, தண்ணீர்க் கிண்ணத்தில் கற்பூரம் போடுவது இரண்டுக்கும் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அசையாது. 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் அது முட்டையிட; ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், புழு கண்டால் அபராதம் 200 வெள்ளியில் தொடங்கும். வாடகைக்கு இருப்பவர் என்று விட்டுவிடமாட்டார்கள். பூச்சாடித் தட்டு, வாளி விளிம்பு, சன்னலுக்கு வெளியே துணி காயவைக்கும் கழியைச் செருகும் குழாய் ஆகிய மூன்றையும் பாருங்கள். கழி இல்லாத குழாயை மூடி போட்டு வையுங்கள். பூக்குவளைத் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். மாற்றும்போது உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. உடம்பில் பூச டீட் அல்லது பிக்காரிடின் உள்ள மருந்து வாங்குங்கள்.

8. ஈரம், பூஞ்சை, காயாத துணி

நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும். ஊரில் மாதக்கணக்கில் பீரோவில் வைத்த பட்டுப்புடவை இங்கே அப்படி இருக்காது. அடுப்புக்கரியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் வாடை குறையும், ஈரம் குறையாது. ஈரத்தை இழுப்பது கால்சியம் குளோரைடு நிரப்பிய டப்பாக்கள். உள்ளே தண்ணீர் சேருவது கண்ணுக்கே தெரியும். நிரம்பியதும் நிமிர்ந்த நிலையிலேயே எடுத்துக் கொட்டுங்கள். அந்த நீர் தோல்பையிலோ பட்டிலோ சிந்தினால் பாழ். புடவையை மாதம் ஒருமுறை மடிப்பு மாற்றி, மின்விசிறிக் காற்றில் காட்டி எடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

துணி காய மழைக்காலத்தில் வெயில் தேவையில்லை, காற்று போதும். அறைக்குள் துணிக்கொடியை வைத்து நிற்கும் மின்விசிறியை நேராகத் திருப்புங்கள். ஒரு விசிறி 50 வாட் சுற்றி எடுக்கும். யூனிட் 30 காசு என்று வைத்தாலும் இரவு முழுக்க ஓடினால் 15 காசு வரவில்லை. ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைப்பது அப்படியே பலிக்கும், தாளை இடையில் ஒருமுறை மாற்ற வேண்டும்.

சுவர்ப் பூஞ்சைக்கு நீர்த்த பிளீச் மேற்பரப்பை வெளுக்கும். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பின்னால் நீர்க்கசிவு இருக்கலாம். துடைக்கும் முன் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். துடைத்துவிட்டால் கசிவுக்குச் சாட்சியே இல்லை.

9. ஏசியும் பனிக்கட்டியும்

மின்விசிறிக்கு முன்னால் கிண்ணத்தில் பனிக்கட்டி வைத்தால் அறை குளிரும் என்று ஒரு காணொளி விடாமல் சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். படுக்கையறையில் இருக்கும் சின்ன 9,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி அந்த வெப்பத்தை வெளியேற்ற எடுக்கும் நேரம் இரண்டு நிமிடம் சொச்சம். அதோடு, அந்தப் பனிக்கட்டியைச் செய்யும்போது குளிர்பெட்டி பின்பக்கமாக வெப்பத்தை உங்கள் வீட்டுக்குள்தான் விட்டிருக்கிறது. உருகிய நீரைக் கொட்டாமல் விட்டால் ஏற்கெனவே ஈரமான காற்றை இன்னும் ஈரமாக்கும். உலர் நாட்டில் ஓரளவு சுகமாக இருக்கலாம், சிங்கப்பூருக்கு ஆகாது.

ஏசியை 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் சரியல்ல. 25-இல் வைத்தாலும் தொடக்கத்தில் அது முழு வேகத்தில்தான் ஓடும். 16-இல் வைத்தவர் தூங்கிவிடுவார், அது விடியவிடிய ஓடும். 25 அல்லது 26-இல் வைத்து விசிறியையும் போடுவது பலிக்கிற குறிப்பு, கட்டணத்திலும் தெரியும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். அதற்கு மேல் உள்ளே கைவைக்க வேண்டாம். சோப்பு நீர் பீய்ச்சும் காணொளிகளைப் பார்த்து நீங்களே செய்தால், வடிகுழாய் அடைத்துச் சுவரில் நீர் இறங்கும். பழுதுக்கு மூன்று மாதப் பராமரிப்பு ரசீதும் காட்ட முடியாமல் போகும். ரசீதுகளைக் கிடைத்த அன்றே படம் எடுத்து ஒரே கோப்பில் போடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும்.

10. கறை, துளை, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

பளிங்குத் தரையில் எலுமிச்சையும் வினிகரும் படவே கூடாது. பளிங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆன கல், அமிலம் அதைத் தின்னும். கறை போவதற்குப் பதில், மங்கிய வட்டம் ஒன்று நிரந்தரமாக விழும். பக்கத்தில் பளபளப்பு, நடுவில் தொட்டால் சொரசொரப்பு. துடைத்தாலும் மெழுகு போட்டாலும் போகாது, இயந்திரம் வைத்து மெருகேற்றினால்தான் உண்டு. அதற்கு ஆள், இயந்திரம் எல்லாம் சதுர அடிக் கணக்கில். கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டுக் கூடங்களிலும் சில பழைய வீடுகளிலும் பளிங்கு போட்டிருப்பார்கள். டெராசோ தரையிலும் பளிங்குச் சில்லுகள் உண்டு. ரசம் கொட்டினாலும் உடனே ஒற்றியெடுங்கள், புளியும் அமிலம்தான். தரை என்ன கல் என்று தெரியாதவரை நீர்த்த பாத்திரச் சோப்பும் ஈரத்துணியும் மட்டும். பீங்கான் ஓடு என்றால் வினிகருக்குப் பயமில்லை. பகுதிநேரமாகச் சுத்தம் செய்ய வருபவரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் கறைக்கு வெயில். இது நம் பாட்டிகள் சொன்னது, அறிவியலும் ஒத்துக்கொள்கிறது: மஞ்சளின் நிறமி ஒளியில் சிதையும். சட்டையைச் சோப்புப் போட்டால் கறை சிவப்பாகும், பயப்பட வேண்டாம். அலசிவிட்டு ஈரத்தோடு நேர்வெயிலில் கழியில் போடுங்கள், மாலைக்குள் மங்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்கும் இதே வழி. சமையலறை மேடையை வெயிலில் போட முடியாது. அங்கே சோடா உப்பைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, சற்று நேரம் கழித்து மென்துணியால் துடையுங்கள். சோடா உப்பு தனியாக நல்ல வேலைக்காரன்.

ஆணித் துளைக்குப் பற்பசை அடைப்பது முதல் வாரம் கண்ணுக்குத் தெரியாது. பிறகு சுருங்கிப் பிளக்கும், பழுப்பாகும். ஒப்படைக்கும் நாளில் விளக்கொளியில் தனித்துத் தெரியும். கடையில் சின்ன டப்பாவில் சுவர்ப்பட்டி வாங்கி, தகடால் அழுத்தி நிரப்பி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அதே நிறத்தைத் தொட்டுவிடுங்கள். நிறத்தின் பெயரை உரிமையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வெள்ளையிலேயே பல வெள்ளை. ஒட்டும் கொக்கிகளைச் சுவரிலிருந்து நேராக இழுக்காமல், பட்டையைச் சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி மெதுவாக நீட்டி எடுங்கள். சாதாரண இருபக்க ஒட்டுநாடா என்றால் வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும்.

கிளம்பும் முன் இந்த வேலைகளுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பட்டி காய வேண்டும், வண்ணம் காய வேண்டும், கடைசி ஏசி பராமரிப்புக்கும் நேரம் கிடைக்க வேண்டும். பெரிய பொருள்களைக் கழிக்க வேண்டுமானால் நகர மன்றத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஒப்படைக்கும் நாளில் உரிமையாளரோ முகவரோ கூட நிற்க, பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பாருங்கள். ஒப்புக்கொண்டதை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த நாள் கடந்தும் வராவிட்டால், அல்லது நியாயமில்லாமல் பிடித்தால், முதலில் மின்னஞ்சலில் காலக்கெடு வைத்துக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்வார்கள், 20,000 வெள்ளிவரை கேட்கலாம், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கையைத் தனிநபர் பதிவு செய்ய 10 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். கையில் முத்திரையிட்ட ஒப்பந்தம், பொருள் பட்டியல், நுழைந்த நாள் படங்கள், ஏசி ரசீதுகள், மின்னஞ்சல்கள் இவ்வளவும் வேண்டும்.